எடைமேடைக் கட்டை அவுட் ஆன கதை

கிரிக்கெட் ஆட்டத்தில் ஒரே ஒரு ஆசையோடு மட்டும் பிறந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் அரியலூரில் இருக்கிறார். மற்றவர்கள் ரன் எடுக்க ஆசைப்படுகிறார்கள், சிக்ஸர் அடிக்க ஆசைப்படுகிறார்கள், கப்பைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். நம்ம ஆளுக்கு அதெல்லாம் கிடையாது. அவுட் ஆகக் கூடாது, அவ்வளவுதான். காலையில் மட்டையோடு உள்ளே போனால் சாயங்காலம் அதே மட்டையோடு தானாக வெளியே வர வேண்டும். நடுவில் எவனும் அனுப்பக் கூடாது.

பெற்றோர் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் 'கட்டை'. குட்டையானவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நல்ல உயரம், உள்ளே வரும்போது நிலையில் தலை இடிக்கும். வருகிற பந்தை அடிக்காமல் மட்டையை நட்டு வைத்துத் தடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் 'கட்டை போடுவது' என்று பெயர். பள்ளிக்கூட நாளிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் அவர் போட்டதில்லை. தொழில், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளை நிறுத்தி எடை போடுவது. அதனால் சிலர் 'எடைமேடைக் கட்டை' என்று இனிஷியலோடு மரியாதையாகச் சொல்வார்கள்.

நான் அரியலூருக்கு மாற்றலாகி வந்த இன்சூரன்ஸ் ஆபீஸ்காரன். டீமில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என்னிடம் கார் இருந்தது. ஸ்டம்ப், பிட்ச்சில் விரிக்கிற மேட், பேட் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போக ஒரு ஆள் தேவைப்பட்டது. கேப்டன் குமரன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். அவன் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான்.

"சார், நீங்க கடைசி பேட்ஸ்மேன். உங்க முறை வந்துச்சுன்னா நாம ஏற்கெனவே தோத்துட்டோம்னு அர்த்தம். அதனால டென்ஷன் ஆவாதீங்க."

கட்டையை நான் முதலில் பார்த்தது எடைமேடைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில். கிளையிலிருந்து ஒரு சாக்ஸ் தொங்கியது, அதற்குள் ஒரு பந்து. இவர் மட்டையை நீட்டி அதைத் தொட்டு நிறுத்துகிறார். அது ஆடி வருகிறது. மறுபடியும் நிறுத்துகிறார். ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. முதல் லாரி டிரைவர் ஹாரனை அழுத்திப் பார்த்துக் களைத்துப்போய் இறங்கி வந்தார்.

"ஏண்ணே, எடை போடுவீங்களா மாட்டீங்களா?"

"பந்து நிக்கட்டும் தம்பி. ஆடிக்கிட்டு இருக்கறப்ப வுட்டுட்டு வந்தா அப்புறம் கை அதுக்கே பழகிடும்."

பந்து நின்ற பிறகுதான் லாரி எடையேறியது.

எடைமேடை அறைக்குள் சுவரில் ஒரு வெள்ளைக்காரரின் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். தொளதொள பேண்ட், கம்பளி ஸ்வெட்டர், தலையில் சின்னத் தொப்பி, மட்டையை ஊன்றிக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறார். பழைய பேப்பர் கடையில் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கட்டை கிழித்து வந்த பக்கம். பெயர் இருந்த இடம் கிழிசலோடு போய்விட்டது. மிச்சமிருந்த நாலைந்து வரிகளைக் கட்டை மனப்பாடமாகச் சொல்வார். அந்த ஆள் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் ஏதோ ஒரு கவுண்டிக்கு, அதாவது நம்ம ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டத்துக்கு, வருஷக்கணக்காக ஆடினாராம். நாட்டு அணிக்கு அவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையாம்.

"கூப்புடலன்னு அவரு ஆடாம இருந்தாரா சார்?" என்று கட்டை என்னைக் கேட்டார். நான்தான் அவரைக் கூப்பிடாமல் விட்டவன் மாதிரி இருந்தது அவர் பார்வை.

ஆயுதபூஜை அன்று எடைமேடைக்கு வைக்கும் சந்தனம் குங்குமம் அந்தப் படத்துக்கும் உண்டு. புதிதாக வரும் லாரிக்காரர்கள் அவரை இந்த எடைமேடையை அமைத்த துரை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கட்டை திருத்த மாட்டார். யாரோ ஒருத்தராவது அந்த மனிதருக்கு மரியாதை கொடுத்தால் சரி என்பது அவர் எண்ணம்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஸ்வெட்டர் வந்தது. சித்திரை வெயிலில் சுண்ணாம்புக்கல் பூமி பொரிந்துகொண்டிருக்கும். கட்டை வெள்ளைப் பேண்ட், முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் அவர் மனைவி சரோஜா அண்ணி பின்னிக் கொடுத்த கையில்லாத ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவார். ஒரு ஆட்டத்தில் எதிர் டீம் பவுலர் பயந்துபோய் அம்பயரிடம் கேட்டான்.

"சார், அவருக்குக் காய்ச்சலா? பவுன்சர் போடலாமா?"

பொங்கலுக்குத் தண்ணீர் இல்லாத ஏரிக்குள் டென்னிஸ் பந்து போட்டி நடக்கும். பத்தே ஓவர் ஆட்டம், ஜெயித்த டீமுக்குக் கெடா. ஒரு வருஷம் ஆள் குறைந்து போய்க் கட்டையைச் சேர்த்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு விளாச வேண்டிய ஆட்டத்தில் அவர் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை கட்டை போட்டார். கரையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் கத்தினார்கள், விசில் அடித்தார்கள், கடைசியில் சிலர் கை கூப்பிக் கெஞ்சினார்கள். டீம் தோற்றது. கெடா பக்கத்து ஊருக்கு நடந்து போவதைப் பார்த்துக் குமரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, கெடா போவுது பாருங்கண்ணே!"

"போவட்டும் தம்பி. நான் அவுட் ஆகலியே."

இப்படிப்பட்டவரிடம் வேறொரு வழக்கமும் இருந்தது. பந்து மட்டையில் லேசாக உரசி கீப்பர் கைக்குப் போய்விட்டால், யாரும் அப்பீல் கேட்காவிட்டாலும், அம்பயர் கையைத் தூக்காவிட்டாலும், தானே நடந்து வெளியே வந்துவிடுவார். அவுட் ஆகாமல் இருப்பதற்காக உயிரை விடுகிறவர், அவுட் ஆகிவிட்டால் ஒரு நொடி நிற்க மாட்டார். ஒரு தடவை பந்து போட்டவனே பின்னால் ஓடி வந்தான்.

"அண்ணே, எங்க போறீங்க? தண்ணி வேணுமா?"

"அவுட்டு தம்பி. லேசா உரசுச்சு. நல்ல பந்து."

அவன் தன் பந்தையே ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டான். மாவட்டத்து அம்பயர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கட்டை நின்றால் நாட் அவுட், நடந்தால் அவுட். அவர் ஆடும்போது அம்பயருக்கு வேலையே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்டைக்கு ஒரே மகள், தமிழரசி. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த ஜாதகங்களையெல்லாம் 'வேணாம்மா' என்று ஒரே வார்த்தையில் ஓரமாக வைத்துக்கொண்டிருந்த பெண், தா.பழூர்ப் பையன் ஒருவன் போட்டோவைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக 'பாக்கலாம்' என்று சொன்னாள். அண்ணி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டார். பையன் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை, குடும்பம் நெல் விவசாயம்.

அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை கட்டை மேட்சில் இருந்தார். பையனின் அப்பா பழைய காலத்து மனிதர். பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று 'வாங்க' என்று கூப்பிடாத வீட்டில் பெண் பார்ப்பது தங்கள் வழக்கம் இல்லை என்று சொல்லி, காப்பிகூடக் குடிக்காமல் வேனைத் திருப்பிவிட்டார். தரகர் நடையாய் நடந்து மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதிக்க வைத்தார். இதுவும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். தமிழரசி அந்தப் போட்டோவை மட்டும் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து எங்களுக்கு லீக்கின் கடைசி ஆட்டம், பெரம்பலூர் டீமோடு. எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு. தோற்றாலும் முழு ஓவரும் ஆடி முடித்தால் ஒரு புள்ளி. பாதியிலேயே ஆல் அவுட் ஆகி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவதால் ஆர்டர் கொடுத்த சாம்பார் சாதம் வீணாகிறது என்று கமிட்டி கொண்டுவந்த விதி அது. எங்களுக்கு அந்த ஒரு புள்ளி கிடைத்தால் இரண்டாம் டிவிஷனில் இருப்போம். கிடைக்காவிட்டால் மூன்றாம் டிவிஷன். அங்கே மேட் கிடையாது, நெருஞ்சி முள்தான்.

"கட்டைண்ணன் இல்லாம முழு ஓவர் ஆட முடியாதுண்ணி" என்று குமரன் வீட்டுக்கே வந்து அண்ணியின் காலில் விழாத குறையாகக் கேட்டான். அண்ணி யோசித்தார்.

"அவரத் தான மொதல்ல எறக்குவீங்க?"

"ஆமாண்ணி."

"மொதல்ல போனா மொதல்ல வந்துடலாம்ல? மூணு மணிக்கு வூட்டுல இருக்கணும். அன்னிக்கு நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பூ வெச்சாவணும்."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் அண்ணி புருஷனின் ஆட்டத்தைப் பஸ் வரிசை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார். குமரன் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினான்.

மதியம் எங்கள் பேட்டிங் ஆரம்பித்தது. ஒரு பக்கம் கட்டை நின்றார். மறுபக்கம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஜெயிக்கிற பேச்சு சீக்கிரமே முடிந்துபோயிற்று. மூன்று மணிக்கு நான் காலில் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணி போன் செய்தார்.

"எங்க அவரு?"

"ஆடிக்கிட்டு இருக்காருண்ணி."

"எப்ப அவுட் ஆவாரு?"

"அது எப்படிண்ணி சொல்ல முடியும்?"

"ஜெயங்கொண்டம் ரோட்டுல லாரியா நிக்குதுன்னு ஏலாக்குறிச்சி வழியா சுத்திக்கிட்டு வந்தாங்களாம். இப்ப கீழப்பழுவூர் தாண்டிட்டாங்க. நீங்களாச்சும் போயி அவர அவுட் ஆக்கி வுடுங்களேன்!"

சொந்த டீம் ஆளை எப்படி அவுட் ஆக்குவது என்று நான் விளக்குவதற்குள் எங்கள் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. நான் உள்ளே போனேன்.

"அண்ணே, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துட்டாங்களாம்."

"நீங்க ஒரு பந்தும் ஆட வேணாம் சார். நான் பாத்துக்கறேன்."

"பந்து இல்லண்ணே, மாப்பிள்ளை!"

கட்டை முகம் லேசாக மாறியது. வீடு இருக்கும் திசையில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கிரீஸைப் பார்த்தார். "ஆடிக்கிட்டு இருக்கேனே சார். அவுட் ஆனதும் வந்துடுறேன்னு சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் கிண்டலே இல்லை. அதுதான் கொடுமை.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் அவுட் ஆனாலும் ஆட்டம் முடியும் அல்லவா? டீமுக்குக் கிடைக்க வேண்டிய புள்ளி போய்விடும், ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணம். ஸ்டம்ப்பை விட்டு விலகி நின்று பந்துக்கு வழி விடலாம் என்று தயாரானேன். ஆனால் கட்டை எனக்குப் பந்தே தரவில்லை. ஓவரில் ஐந்து பந்தைத் தடுத்துவிட்டு, ஆறாவதில் ஒரே ஒரு ரன் எடுத்து அடுத்த ஓவருக்கும் தானே போய் நின்றுகொண்டார். நடுவில் நான் தேவையில்லாமல் பாதி தூரம் ஓடிப் பார்த்தேன், ரன் அவுட்டாவது ஆகட்டும் என்று. "பின்னாடி போங்க சார்!" என்று அதட்டி என்னைக் காப்பாற்றினார்.

பெரம்பலூர் கீப்பர் வெங்காய மண்டிக்காரர். இரண்டு பெண்களைப் பெற்றவர். எங்கள் பேச்சைக் கேட்டு அவருக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்துருக்காங்களா? கால் புடிச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டுக் கெளம்புங்கண்ணே."

"கால் புடிக்கலியே தம்பி."

"சும்மா சொல்லுங்கண்ணே."

"அது பொய்யால்ல போயிடும்?" என்று கட்டை உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். கீப்பர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

மணி நாலு ஆயிற்று. இன்னும் நாலு ஓவர் இருந்தது. தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் குமரனே ஓடி வந்தான். புள்ளியும் வேண்டும், பாவமும் வரக் கூடாது என்று அவனுக்குத் தவிப்பு.

"அண்ணே, மாப்ளயோட அப்பா எழுந்து வெளிய வந்து செருப்பு மாட்டிட்டாராம். அண்ணி வாசல்ல மறிச்சுக்கிட்டு நிக்கறாங்களாம்."

கட்டை தண்ணீர் குடித்தார். அந்த ஓவரையும் தடுத்து முடித்தார்.

அப்போதுதான் ஸ்கூட்டர் ஒன்று மைதானத்து ஓரத்தில் வந்து நின்றது. தமிழரசி. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பின்வாசல் வழியாக வந்திருக்க வேண்டும். அவளும் கையை ஆட்டிக் கூப்பிடுவாள், அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். அவள் கூப்பிடவில்லை. ஸ்கோர் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குமரனிடம் ஏதோ கேட்டாள். அப்பா எத்தனை ரன் என்று கேட்டதாகக் குமரன் பிறகு சொன்னான். பிறகு அப்படியே நின்று பார்த்தாள். அவ்வளவுதான்.

கட்டையும் பார்த்தார். ஸ்டான்ஸ் எடுத்தவர் ஒரு தடவை விலகி, கிளவுஸைக் கழற்றி மறுபடி மாட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த பந்து ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே தள்ளிப் போயிற்று. கட்டை மட்டையை நீட்டினார். பந்து மட்டையைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போனது. நடுவில் ஒரு முழ இடைவெளி. எதிர்முனையில் நின்ற எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. பவுலர் அப்பீல் கேட்கவில்லை. கீப்பர் பந்தை ஸ்லிப்பில் நின்றவனிடம் தூக்கிப் போட்டுவிட்டார்.

கட்டை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அம்பயர் திடுக்கிட்டார். "நான் அவுட்டே குடுக்கலியே!"

"லேசா உரசுச்சு சார்" என்றார் கட்டை.

கட்டை சொன்னால் உரசியிருக்கும். அம்பயர் விரலைத் தூக்கினார். பெரம்பலூர்க்காரர்கள் ஜெயித்ததற்குக்கூடக் கத்தாமல் கை தட்டினார்கள். கீப்பர் தன் காதைத் தடவிக்கொண்டு, "நமக்கு வயசாயிடுச்சு போல, சத்தமே கேக்கல" என்று முணுமுணுத்தார். குமரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் அவனும் சந்தேகப்படவில்லை.

கட்டை கால் பேட், ஸ்வெட்டர், தொப்பி எதையும் கழற்றவில்லை. அப்படியே போய் மகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். நான் கிட்பேக்கைக்கூட எடுக்காமல் காரில் துரத்திக்கொண்டு போனேன். வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கட்டை இறங்கி, கிளவுஸ் போட்ட கையைக் கூப்பி, மூச்சு வாங்க, "வாங்க, வாங்க" என்றார். பையனின் அப்பா அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பார்வை பேடில் நின்றது.

"என்ன சம்மந்தி கால்ல? மாடு முட்டிடுச்சா?"

வாயிலிருந்து 'சம்மந்தி' என்று வந்துவிட்டது. வந்த வார்த்தையை அவரும் திரும்ப எடுக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார்கள், காப்பி வந்தது, நாலரைக்குள் பூ வைத்தாயிற்று.

நாங்கள் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினோம். கட்டை அங்கேயும் அதே ஸ்வெட்டரோடு வந்து, சாக்ஸில் ஒட்டிய நெருஞ்சி முள்ளைப் பிடுங்கியபடி கட்டை போட்டார். நான் ஒரு நாள் எடைமேடையில் அவரைத் தனியாகப் பிடித்து, "அண்ணே, அந்தப் பந்து படவே இல்லயேண்ணே" என்றேன். லாரி ஒன்று மேடை ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, "டீ சாப்புடுறீங்களா சார்?" என்றார். சாப்பிட்டேன்.

கல்யாணப் பந்தியில் தமிழரசி என் இலைக்கு எதிரில் வந்து நின்றாள். கழுத்தில் மாலை, பக்கத்தில் மாப்பிள்ளை. அவனைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டுக் குனிந்து கேட்டாள்.

"மாமா, நீங்க எதிர்ல தான நின்னீங்க? அப்பா அன்னிக்கு நெஜமாவே அவுட்டா?"

"அவுட்தாம்மா. அப்பாவே சொன்னாரே. அப்பா பொய் சொல்லுவாரா?"

அவள் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

"அவுட் ஆனா அப்பா ஸ்டம்பத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வரும் மாமா. அன்னிக்கு என்னைய மட்டுமே பாத்துக்கிட்டு வந்துச்சு."

அந்தப் பக்கம் கட்டை, பட்டு வேட்டி நழுவ நழுவ, பந்தியில் ஒவ்வொரு இலையாக நின்று "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என் இலைக்கு அவர் வந்தபோது, வயிற்றில் இடமே இல்லாவிட்டாலும், அவர் வைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.